சீட்டாடும்போதே தூங்கிவிடும் அமெரிக்க அதிபர்... டாஃப்ட்டும் ஸ்லீப் ஆப்னியாவும்!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஏறுறீங்க. சிப்காட்டைத் தாண்டுறதுக்குள்ள கண்ணு சொருகிடுது. ஸ்டாப் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர்தான் தட்டி எழுப்பணும். ஓசூர்ல ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் சகஜம். ராத்திரி முழுக்க நின்னு வேலை பார்த்த உடம்பு தூங்கத்தான் செய்யும். அதுல தப்பே இல்லை.

ஆனா, ஒரு கேள்வி. வீக் ஆஃப் அன்னைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் உங்களுக்கு அதே மாதிரி கண்ணு சொருகுதா? டீக்கடையில ஃப்ரெண்டு பேசிக்கிட்டு இருக்கும்போதே தலை தொங்குதா? பைக்ல சிக்னல்ல நிக்கும்போது இமை தானா இறங்குதா? ஆமான்னு சொன்னீங்கன்னா, பழியை மொத்தமா ஷிஃப்ட் மேல போட வேண்டாம். தூங்கும்போது உங்க தொண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க வேண்டியிருக்கு.

இதே பிரச்னையோடு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் அமெரிக்காவையே ஆட்சி செய்தார். 27-வது அதிபர் வில்லியம் ஹோவர்டு டாஃப்ட். நம்ம ஸ்கூல் புத்தகத்துல அவர் பெயர் வந்திருக்காது. வாஷிங்டன், லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடின்னு தாண்டிப் போயிருப்போம். இணையத்துல தேடினாலும் முதல்ல வர்றது அவர் குளியல் தொட்டியில மாட்டிக்கிட்ட கதைதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

டாஃப்ட் பிறந்தது 1857 செப்டம்பர் 15, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில். அப்பா அல்ஃபோன்ஸோ டாஃப்ட், அதிபர் கிராண்டின் அமைச்சரவையில் இருந்தவர். வசதியான, படிச்ச குடும்பம். பையனும் சளைச்சவர் இல்லை. யேல் யுனிவர்சிட்டியில் 1878-ல் வகுப்பிலேயே இரண்டாவது மாணவராகத் தேறினார். கூடவே மல்யுத்தமும் உண்டு. அப்பவே எடை சுமார் 110 கிலோ. காலேஜ்ல அவருக்கு வெச்ச பட்டப்பெயர் 'பிக் லப்'. நம்ம ஊர் ஹாஸ்டலா இருந்தா 'குண்டு'ன்னு வெச்சிருப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

படிப்பு முடிஞ்சதும் வக்கீல். 30 வயசு நிறையறதுக்கு முன்னாடியே ஜட்ஜ். 32 வயசில் அமெரிக்க அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல். 1892-ல் ஃபெடரல் அப்பீல் கோர்ட் நீதிபதி. அவருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசைதான். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி நாற்காலி. ஆனா, 1886-ல் அவர் கல்யாணம் பண்ணிக்கிட்ட நெல்லிக்கு வேற கனவு. டீன் ஏஜ்ல ஒரு தடவை வெள்ளை மாளிகைக்குப் போயிட்டு வந்ததிலிருந்தே, ஒருநாள் அங்க குடியேறணும்னு நினைச்சவர். கடைசியில ரெண்டு பேர் கனவும் நிறைவேறுச்சு. முதல்ல நிறைவேறினது நெல்லியோட கனவு.

1900-ல் டாஃப்ட்டை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினாங்க. அடுத்த வருஷம் அங்கேயே கவர்னர். அங்க இருந்தபோது நடந்த ஒரு விஷயத்தை அமெரிக்காவில் இன்னைக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. உடம்பு சரியில்லாம இருந்து தேறிய டாஃப்ட், குதிரையில 40 கிலோமீட்டர் தூரம் மலை ஏறி வந்துட்டதாகவும், நல்லா இருக்கிறதாகவும் வாஷிங்டனுக்குத் தந்தி அடிச்சார். போர்த்துறை அமைச்சர் எலிஹு ரூட்டிடமிருந்து வந்த பதில் தந்தி, குதிரை எப்படி இருக்குன்னு விசாரிச்சது. டாஃப்ட் கோபப்படலை. அந்தக் கதையை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிச்சார்.

குண்டா இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். நம்மளைப் பத்தின ஜோக்கை நாமே முதல்ல சொல்லிட்டா அடுத்தவங்க சொல்லும்போது வலிக்காதுன்னு ஒரு கணக்கு. ஆனா, சிரிச்சுட்டு விட்டுடற அளவுக்கு டாஃப்ட்டோட உடம்பு இல்லை.

லண்டனிலிருந்து வந்த டயட் லெட்டர்

1904-ல் ஊர் திரும்பி, அதே போர்த்துறைக்கு அமைச்சர் ஆனார். 1905 கடைசியில் எடை 314 பவுண்டு, அதாவது 142 கிலோ. நெஞ்செரிச்சல், அஜீரணம், அசதி, சரியில்லாத தூக்கம். என்ன செய்தார் தெரியுமா? லண்டனில் இருந்த நதானியல் யார்க்-டேவிஸ் என்ற டாக்டரிடம் தபால் மூலமா சிகிச்சை எடுத்துக்கிட்டார். எடை குறைப்பில் அப்போ பெரிய பெயர் அவருக்கு. இன்னைக்கு நீங்க வாட்ஸ்அப்ல டயட் கோச்சுக்கு போட்டோ அனுப்புறீங்கள்ல, அதே வேலைதான். என்ன, லெட்டர் கப்பல்ல போகும்.

காலையில எலுமிச்சை பிழிஞ்ச வெந்நீர், கொழுப்பில்லாத இறைச்சி, காய்கறி, டாக்டரே சிபாரிசு பண்ண ஒரு ஸ்பெஷல் பிஸ்கட். சர்க்கரைக்குத் தடை. தினமும் எடை பார்த்துக் குறிச்சு வெச்சு, லண்டனுக்கு எழுதணும். அஞ்சு மாசத்துல 27 கிலோ வரை குறைச்சார். எலுமிச்சை வெந்நீரை ரீல்ஸ்ல புதுசா கண்டுபிடிச்ச மாதிரி சொல்றவங்களுக்கு இதை ஃபார்வர்டு பண்ணுங்க.

அப்புறம்? வழக்கமான கதைதான். போன எடை திரும்பி வந்துடுச்சு, வட்டியோட. 1909 மார்ச்ல அதிபரா பதவி ஏற்கும்போது எடை 150 கிலோவைத் தாண்டியிருந்தது.

இப்போ அந்தத் தொட்டிக் கதை. வெள்ளை மாளிகைத் தொட்டியில மாட்டிக்கிட்டு, ஆறு பேர் சேர்ந்து இழுத்தாங்கன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. உண்மை என்னன்னா, 1909 ஜனவரியில் அவர் பனாமாவுக்குப் போன போர்க்கப்பலில் அவருக்காகவே ஏழடி நீளத் தொட்டி ஒண்ணு செஞ்சு வெச்சாங்க. அதுக்குள்ள நாலு பேர் உட்கார்ந்திருக்கிற போட்டோ இருக்கு. அந்த போட்டோவும் ஊர் வாயும் சேர்ந்து மிச்சக் கதையை எழுதிடுச்சு. ஒரு மனுஷனோட உடம்பைப் பார்த்து ஊரே சிரிச்சிக்கிட்டு இருந்ததுல, அந்த உடம்பு காட்டின முக்கியமான அறிகுறியை யாரும் கவனிக்கலை.

அந்த அறிகுறி, தூக்கம்.

எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம்

அதிபரின் ராணுவ உதவியாளராகக் கூடவே இருந்தவர் ஆர்ச்சி பட். தன் குடும்பத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள்தான் இன்னைக்கு நமக்குக் கிடைக்கிற மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி. அவரும் மற்றவர்களும் எழுதி வெச்சதைப் படிச்சா பாவமா இருக்கு. சபாநாயகர் ஜோ கேனன் எதிரில் குனிஞ்சு பேசிக்கிட்டு இருக்கும்போதே டாஃப்ட் தூங்கிட்டார். சர்ச்ல தூங்கினார். இசை நிகழ்ச்சியில தூங்கினார். துக்க நிகழ்ச்சியில தூங்கினார். சீட்டாடும்போது, கையில சீட்டோடயே தூங்கினார். ஒரு செனட்டர், தான் இதுவரைக்கும் தூங்க வெச்ச சபையிலேயே மிகப் பெரியது இவர்தான்னு அதிபரின் முகத்துக்கு நேராகவே கிண்டலடிச்சார்.

வெள்ளை மாளிகைக் குதிரை லாயத்தை கார் ஷெட்டாக மாத்தின அதிபர் இவர். கார்ல போறதுன்னா உயிர். அந்த கார்லயும் தூங்கினார். திறந்த கார்ல, ரெண்டு பக்கமும் மக்கள் பார்த்துக்கிட்டு இருக்க, அதிபர் தூங்கிக்கிட்டே போவார். ஆர்ச்சி பட் பக்கத்துல உட்கார்ந்து சத்தமா இருமுவார். அதிபரை எழுப்ப அவருக்குத் தெரிஞ்ச மரியாதையான வழி அது. பாவம், அந்த மனுஷர் 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு போயிட்டார்.

நம்ம ஊர்ல இப்படி ஒருத்தர் இருந்தா என்ன சொல்வோம்? கும்பகர்ணன்னு சொல்வோம். சூப்பர்வைசரா இருந்தா மெமோ கொடுப்பார். குறட்டை விட்டா, ஆஹா எவ்ளோ நிம்மதியா தூங்குறான் பாருன்னு பொறாமை வேற படுவோம். பேச்சிலர் ரூம்ல தமிழ்ல குறட்டை, தெலுங்குல குரக, கன்னடத்துல கொரகென்னு மூணு மொழியிலயும் திட்டு விழும். திட்டுறதோட சரி, யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதில்லை.

டாஃப்ட் சோம்பேறி இல்லை. அவர் அதிபரா இருந்த அந்த நாலு வருஷம் அவரோட வாழ்க்கையிலேயே மோசமான காலம். பதவி ஏற்று ரெண்டே மாசத்துல, 1909 மே மாதம், நெல்லிக்கு பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. நாட்டு வேலைக்கு நடுவுல, மனைவிக்குத் திரும்பப் பேசக் கத்துக்கொடுத்தார் டாஃப்ட். இன்னைக்கு வாஷிங்டன்ல வசந்த காலத்துல எல்லாரும் செல்ஃபி எடுக்கிற செர்ரி மரங்கள் நெல்லியோட முயற்சியில வந்தவை. 1912 மார்ச்ல முதல் கன்று நட்டவரும் அவர்தான். டாஃப்ட்டோட எடையும் ரத்த அழுத்தமும் ஏறிக்கிட்டே போச்சு. பகல் தூக்கமும் கூடவே.

2003-ல் ஜான் சோட்டோஸ் என்ற அமெரிக்க டாக்டர், 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'ஹவுஸ்' டிவி சீரியல் பார்த்திருந்தா உங்களுக்கு அவரோட வேலை தெரிஞ்சிருக்கும்; அந்த சீரியலுக்கு மருத்துவ ஆலோசகரா இருந்தவர். பழைய கடிதங்கள், டைரிகள், எடைக் குறிப்புகளை எல்லாம் அடுக்கி, டாஃப்ட்டுக்கு இருந்தது 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'ன்னு சொன்னார் அவர். செத்து 70 வருஷம் கழிச்சு சொல்ற டயக்னோசிஸ். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில்லை, அறிகுறிகளை வெச்சு சொன்னதுதான். ஆனா, குறட்டை, எடை, பி.பி, பகல் தூக்கம் எல்லாமே பொருந்திப் போகுது.

தொண்டைக்குள்ள என்ன நடக்குது?

தூங்கும்போது உடம்புல எல்லாத் தசையும் தளரும். தொண்டைத் தசையும்தான். சிலருக்கு அது அளவுக்கு மீறித் தளர்ந்து, மூச்சுக்குழாய்க்குப் போற வழியை அடைச்சிடுது. நெஞ்சு மூச்சை இழுக்க முயற்சி பண்ணுது, காத்து உள்ளே போகலை. பத்து செகண்ட், இருபது செகண்ட், சிலருக்கு ஒரு நிமிஷம்கூட. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையா எழுப்புது. ஒரு பெரிய கொர்ர்... சத்தத்தோட மூச்சு வருது. திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு.

காலையில உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினதாதான் நினைப்பீங்க. மணிக்கு 5 தடவைக்கு மேல அடைச்சா லேசான ஆப்னியா, 15-க்கு மேல நடுத்தரம், 30-க்கு மேல தீவிரம். மணிக்கு 30-ன்னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஏழு மணி நேரத்துல 210 தடவை யாரோ உங்க தோளைப் பிடிச்சு உலுக்கின மாதிரி. இப்படி ஒரு ராத்திரிக்கு அப்புறம் கேனன் என்ன, கடவுளே வந்து பேசினாலும் தூக்கம் வரத்தான் செய்யும்.

இதைக் கவனிக்காம விட்டா பி.பி ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும், சர்க்கரை கட்டுப்படாது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது, டாக்டர்கள் சொன்ன காரணம் ஸ்லீப் ஆப்னியாதான். இதோட இன்னொரு ஆபத்தும் இருக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியா ஓசூர், அத்திப்பள்ளின்னு போற என்.எச் 44-ல ராத்திரி எத்தனை லாரி ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடிச்ச டிரைவருக்கு மூணு செகண்ட் கண் மூடினா போதும். பிரஸ் மெஷின் முன்னாடி நிக்கிறவருக்கும் அதே கதைதான்.

குண்டா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. டாஃப்ட் கதையோட ஒரு குறை அது. தாடை சின்னதா உள்வாங்கி இருந்தாலோ, டான்சில் பெருசா இருந்தாலோ ஒல்லியானவங்களுக்கும் வரும். பெண்களுக்கும் வரும், அவங்க சத்தமா குறட்டை விடலைன்னா அசதி, தலைவலின்னு சொல்லி ரத்தசோகை மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்க.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? காலையில தலைவலி, வாய் வறண்டு போறது, ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போறது, எரிச்சல், மறதி. எல்லாத்தையும்விட முக்கியமான சாட்சி உங்க ரூம்மேட் அல்லது மனைவி, கணவர். குறட்டை நடுவுல திடீர்னு நின்னு, அமைதியாகி, அப்புறம் திணறலோட திரும்ப ஆரம்பிக்குதான்னு கேளுங்க. போன்ல பத்து நிமிஷம் ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க. அந்த வீடியோவை டாக்டர்கிட்ட காட்டலாம்.

நைட் ஷிஃப்ட் அசதிக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, நான் முதல்ல கேட்ட கேள்விதான் நல்ல ஆரம்பம். ஷிஃப்ட் அசதி, ரெண்டு மூணு நாள் ராத்திரியில ஒழுங்கா தூங்கினா குறையும். ஆப்னியா அப்படிக் குறையாது. எவ்வளவு தூங்கினாலும் பத்தாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஓசூர்ல நிறைய பேருக்கு அப்படித்தான் மறைஞ்சு கிடக்கும்னு நினைக்கிறேன்.

டாஃப்ட்டுக்குக் கிடைச்ச ஒரே மருந்து

1912 தேர்தல்ல டாஃப்ட் படுதோல்வி. அவரை அதிபராக்கின நண்பர் தியோடர் ரூஸ்வெல்ட்டே எதிர்த்து நின்னார். ஓட்டு பிரிஞ்சு உட்ரோ வில்சன் ஜெயிச்சார். டாஃப்ட்டுக்குக் கிடைச்சது ரெண்டே மாநிலம், எட்டே எலெக்டோரல் ஓட்டு. பதவியில இருந்த ஒரு அதிபருக்கு இவ்வளவு கேவலமான தோல்வி வந்ததில்லை.

அது அவர் உடம்புக்குக் கிடைச்ச வரம். 1913 மார்ச்ல பதவி முடிஞ்சதும், யேல்ல சட்டப் பேராசிரியரா போய்ச் சேர்ந்தார். உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் குறைச்சார். ஒரு வருஷத்துக்குள்ள சுமார் 30 கிலோ போச்சு. பி.பி இறங்குச்சு. பகல் தூக்கம் நின்னுபோச்சு. டிக்கன்ஸ் 1830-கள்ல எழுதின 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவல்ல ஜோன்னு ஒரு குண்டுப் பையன் வருவான், நின்ன இடத்துலயே தூங்குவான். தன்னோட தூக்கம் அந்தப் பையனை நினைவுபடுத்தும் அளவுக்கு இருந்ததாகவும், இப்போ அது போயிடுச்சு, வேலை செய்யும் தெம்பு கூடியிருக்குன்னும் டாஃப்ட்டே எழுதி வெச்சிருக்கார். தன் நோய்க்குப் பெயர் தெரியாமலே அதோட அடையாளத்தைச் சரியாப் பிடிச்சவர். 1956-ல் பாஸ்டன் டாக்டர்கள் இந்த வகை நோய் ஒண்ணுக்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னு பெயர் வெச்சாங்க. அவங்க விவரிச்ச நோயாளியும் சீட்டாட்டத்துல தூங்கினவர்தான், அதுவும் ஜெயிக்கிற சீட்டைக் கையில வெச்சுக்கிட்டே!

ஆக, எடைக் குறைப்புதான் டாஃப்ட்டுக்குக் கிடைச்ச ஒரே சிகிச்சை. இன்னைக்கும் அது முக்கியமான சிகிச்சைதான். எடையில 10 சதவிகிதம் குறைஞ்சா, மணிக்கு எத்தனை தடவை அடைக்குதுங்கிற கணக்கு சராசரியா 26 சதவிகிதம் குறையுதுன்னு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு 2000-ல் சொன்னது. ஆனா, எடை குறையற வரைக்கும் மூச்சு அடைச்சுக்கிட்டே இருக்கணுமா? வேண்டாம். அங்கதான் உங்களுக்கும் டாஃப்ட்டுக்கும் வித்தியாசம்.

1970-கள் வரைக்கும் தீவிர ஆப்னியாவுக்குத் தொண்டையில துளை போடுறதுதான் வழி. 1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சலிவன் என்ற டாக்டர், அந்தத் துளைக்குச் சம்மதிக்காத ஒரு நோயாளிக்காக ஒரு வேலை பண்ணார். வேக்குவம் க்ளீனர் மோட்டாரைத் தலைகீழா ஓட விட்டு, காத்தை உறிஞ்சறதுக்குப் பதிலா ஊத வெச்சார். அதை ஒரு குழாய் வழியா மூக்குக்குக் கொடுத்தார். காத்தோட அழுத்தம் தொண்டையைத் திறந்தே வெச்சது. நோயாளி விடிய விடியத் தூங்கினார். 1981-ல் 'லான்செட்' இதழ்ல வெளியான அதுதான் இன்னைக்கு எல்லா ஸ்லீப் கிளினிக்லயும் கொடுக்கிற 'சிபேப்' மெஷின்.

நடுத்தர, தீவிர ஆப்னியாவுக்கு இன்னைக்கும் முதல் சிகிச்சை சிபேப்தான். முதல் வாரம் எரிச்சலாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். முகத்துல மாஸ்க் கட்டிக்கிட்டுத் தூங்கறது யாருக்குப் பிடிக்கும்? நிறைய பேர் பத்து நாள்ல பரண் மேல போட்டுடறாங்க. பெரும்பாலும் காரணம் மாஸ்க் சைஸ் சரியில்லாததுதான். மூக்குக்கு மட்டும், மூக்குத் துளைக்கு மட்டும், வாயும் மூக்கும் சேர்த்துன்னு மூணு வகை இருக்கு, மாத்திப் பாருங்க. தாடி வெச்சிருந்தா காத்து கசியும். ஓசூர் பனிக்காலத்துல குளிர்காத்து மூக்கை வறட்டிடும். ஹியூமிடிஃபையர் இருக்கிற மெஷினா வாங்குங்க, டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, ஃபில்டரைத் தவறாமச் சுத்தம் பண்ணுங்க. நைட் ஷிஃப்ட்காரர்னா பகல்ல தூங்கும்போது மாட்டணும். ஆப்னியாவுக்குப் பகல், ராத்திரி தெரியாது. மெஷின் விலை முப்பது, நாற்பதாயிரம் ரூபாயில ஆரம்பிக்கும். முதல்ல வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்க்கிறது புத்திசாலித்தனம். ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் வாங்கி நீங்களா அழுத்தம் செட் பண்ணாதீங்க. அது டெஸ்ட் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

சிபேப் ஒத்துக்கலைன்னா, லேசான அல்லது நடுத்தர ஆப்னியாவுக்குப் பல் டாக்டர் செஞ்சு தர்ற ஒரு கருவி இருக்கு. பல் செட் மாதிரி வாயில மாட்டினா, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால இழுத்துப் பிடிச்சு வழியைத் திறக்கும். மல்லாந்து படுத்தா மட்டும் அடைக்கிறவங்களுக்கு, பக்கவாட்டுல படுக்கப் பழகினாலே பாதி பிரச்னை தீரும். டான்சில், மூக்குத் தண்டு, தாடை அமைப்புல கோளாறுன்னா ஆபரேஷன். நாக்கை அசைக்கிற நரம்பைத் தூண்டுற கருவியை நெஞ்சுக்குள்ள பதிக்கிற முறைகூட வந்தாச்சு, செலவு பல லட்சம். 2024 டிசம்பரில், உடல் பருமனோட நடுத்தர, தீவிர ஆப்னியா இருக்கிறவங்களுக்கு டிர்செபடைட் என்ற வாராந்திர ஊசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எடையைக் குறைச்சு ஆப்னியாவைக் குறைக்கிற மருந்து. இந்தியாவுலயும் 2025-லிருந்து கிடைக்குது. டாஃப்ட் உருளைக்கிழங்கை விட்டுச் செஞ்சதை ஊசி செய்யுதுன்னு வெச்சுக்கோங்க. ஆனா டாக்டர் இல்லாமப் போட்டுக்கிற ஊசி இல்லை அது.

ரீல்ஸ்ல வர்ற மூக்கு கிளிப், வாயில டேப் ஒட்டறதெல்லாம் ஆப்னியாவுக்கு வைத்தியம் இல்லை. மூக்கடைப்பு இருக்கிறவர் வாயை ஒட்டினா என்ன ஆகும்னு யோசிங்க. அதே மாதிரி, தூக்கம் சரியில்லைன்னு தூக்க மாத்திரையோ, ஒரு கட்டிங்கோ போட்டுட்டுப் படுத்தா தொண்டை இன்னும் தளர்ந்து அடைப்பு கூடும்.

எங்க போறது? காது-மூக்கு-தொண்டை டாக்டர் அல்லது நுரையீரல் டாக்டர்கிட்ட ஆரம்பிக்கலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022-ல் திறந்தாச்சு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல தூக்கக் கோளாறுகளுக்குத் தனி கவனிப்பு இருக்கு, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டோட பேரே ஓசூர் ரோடுதான். சம்பளத்துல இ.எஸ்.ஐ பிடிச்சாங்கன்னா, டிஸ்பென்சரியில் சொல்லி ரெஃபரல் கேளுங்க. டெஸ்ட்டுக்கு ஒரு ராத்திரி லேப்ல தூங்கணும், அல்லது சின்ன மெஷினை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவாங்க. நைட் ஷிஃப்ட்ல இருந்தா அதை முன்கூட்டியே சொல்லிடுங்க, டெஸ்ட்டை எப்போ வெக்கிறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

டாஃப்ட் கதைக்கு வர்றேன். 1921-ல், 63 வயசுல, அவர் ஆசைப்பட்ட அந்த நாற்காலி கிடைச்சது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. அதிபராகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர் இன்னைய தேதி வரைக்கும் அவர் ஒருத்தர்தான். தூங்குமூஞ்சின்னு கிண்டலடிக்கப்பட்ட மனுஷர், கோர்ட்ல தேங்கிக் கிடந்த வழக்குகளைக் குறைக்க 1925-ல் புதுச் சட்டம் கொண்டுவர வெச்சார். உச்ச நீதிமன்றத்துக்குன்னு தனிக் கட்டடம் கட்ட காங்கிரஸை ஒப்புக்கொள்ள வெச்சார். வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு நாலஞ்சு கிலோமீட்டர் நடந்தே போவார். 1929-ல் எடை 110 கிலோ, காலேஜ் முடிச்ச வயசுல இருந்த அதே எடை. அவர் நடந்து போன பாலத்துக்கு இன்னைக்கு டாஃப்ட் பாலம்னுதான் பெயர்.

ஆனா, பல வருஷம் அடிபட்ட இதயம் பழைய நிலைக்குத் திரும்பலை. 1930 பிப்ரவரி 3-ல் பதவியை விட்டார். மார்ச் 8-ல் இறந்துபோனார். 72 வயசு. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் புதைக்கப்பட்ட முதல் அதிபர் அவர்தான். சிட்னியில் அந்த மோட்டார் தலைகீழா ஓட இன்னும் 50 வருஷம் இருந்தது.